வகுப்பில ஒரு பெடியனுக்குக் கொன்னை, மற்றப் பிள்ளையள் பழிச்சுக் காட்டுதுகள். எப்பிடி விளங்கப்படுத்துறது?

தரம்4 ரீச்சர்:

வணக்கம் எல்லாருக்கும். நான் வலிகாமப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில தரம் 4 எடுக்கிறன். இந்தத் தவணை வேற பள்ளிக்கூடத்தில இருந்து ஒரு பெடியன் மாறி வந்திருக்கிறான். நல்ல கெட்டிக்காரன், கணக்கில விண்ணன், எழுத்தும் வடிவு. ஆனா கதைக்கேக்க கொன்னை தட்டும். சில எழுத்தில மாட்டுப்பட்டு "க க க க" எண்டு நிக்கும், சில நேரம் ஒரு சத்தமும் வராது, வாய் திறந்தபடி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வாங்குக்குக் கீழ வலது காலால ஒரு தட்டுத் தட்டுவான், அப்பத்தான் அந்தச் சொல்லு வெளியில வரும்.

பிரச்சினை என்னெண்டா வகுப்பில மூண்டு நாலு பெடியள் அந்தக் கால் தட்டுறதையும் சேர்த்துப் பழிச்சுக் காட்டத் தொடங்கிட்டாங்கள். இன்ரேவலுக்கு ஒருத்தன் காலைத் தட்ட மற்றவன் கண்ணை மூட, மிச்சம் எல்லாம் கெக்கட்டம் விட்டுச் சிரிக்குதுகள். பட்டமும் வச்சாச்சு, அதை இதில எழுத எனக்கு விருப்பமில்லை. பெட்டையள் பழிக்கிறேல்ல, ஆனா அவன் தடக்குப்பட்ட உடன பாவம் பாத்து தாங்களே சொல்லைச் சொல்லி முடிச்சு விடுதுகள், அதுவும் அவனுக்குப் பிடிக்கேல்ல எண்டு முகத்தைப் பாக்கவே விளங்குது. இப்ப இடாப்புக் கூப்பிட்டாக் கூட வாய் திறக்கிறேல்ல, கையை மட்டும் தூக்கிறான்.

வகுப்புக்கு இதை ஒருக்கா விளங்கப்படுத்த வேணும் எண்டு நினைக்கிறன். ஆனா அவனை வச்சுக்கொண்டு கதைச்சா எல்லாம் திரும்பி அவனைத்தான் பாக்குங்கள். அவன் இல்லாத நேரம் கதைச்சா முதுகுக்குப் பின்னால கதைச்ச மாதிரி. ஒம்பது வயசுப் பிள்ளையளுக்கு இதை எந்தளவுக்குச் சொல்லலாம்? வாசிப்புப் பாடத்தில அவனைக் கேக்கிறதோ விட்டிட்டுப் போறதோ? தமிழ்த்தினப் போட்டிக்குப் பெயர் தரச்சொல்லி அதிபரும் நிக்கிறார், அதுவும் ஒரு யோசினை. தாயோட கதைச்சனான், தகப்பனுக்கும் சின்னனில இருந்ததாம், மற்றபடி பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை எண்டா. தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.


நெல்லியடியான்:

ரீச்சர், எனக்கு வயசு நாப்பதாகுது, இண்டைக்கும் கொன்னை இருக்கு, கொம்பனி மீற்றிங்கிலயும் தட்டிக்கொண்டுதான் கதைக்கிறன். அதால ஒரு பெடியன்ர பக்கத்தில நிண்டு சொல்லுறன்.

வாசிப்புப் பாடத்தில வரிசைக்கு ஒவ்வொரு பந்தி வாசிக்க விடுவினம் தெரியும்தானே. எனக்கு முன்னால எத்தினை பேர் இருக்கினம் எண்டு எண்ணி, என்ர பந்தி எதெண்டு கண்டுபிடிச்சு, அதில எந்தச் சொல்லு மாட்டும் எண்டு முதலே தேடிக்கொண்டு இருப்பன், அந்த நேரம் மற்றவை என்ன வாசிச்சவை எண்டு ஒரு மண்ணும் தெரியாது, என்ர முறை கிட்ட வர வர வயித்துக்க என்னவோ செய்யும். ஆனா ஒண்டு, என்னை விட்டிட்டு அடுத்த பெடியனுக்குத் தாவின வாத்தியாரில எனக்கு வந்த கொதி பழிச்ச பெடியளில கூட வரேல்ல. பழிக்கிறவன் என்னை ஒரு ஆளாக் கணக்கெடுக்கிறான், தாவிப்போறவர் நான் அந்தக் கதிரையில இல்லை எண்டு முடிவெடுத்திட்டார். அதால தயவுசெய்து நீங்களா விட்டிட்டுப் போகாதேங்கோ. அவனிட்டைத் தனியக் கேளுங்கோ, "நீ கை தூக்கினா மட்டும் கேக்கட்டோ, இல்லை எல்லாரையும் மாதிரிக் கேக்கட்டோ, இல்லை முதல் ஆளா வாசிச்சு முடிக்கிறியோ" எண்டு. முதல் ஆளா வாசிச்சா அந்தக் காத்திருக்கிற அவதி இல்லை, அது கன பேருக்குத் தெரியாது.

எனக்கு ஒரு ரீச்சர் ரெண்டு ரெண்டு பேராச் சேர்த்து ஒரே குரலில வாசிக்க விட்டவ. சேர்ந்து வாசிக்கேக்க எனக்கு ஒரு சொல்லும் தட்டாது, தேவாரம் பாடினாலும் தட்டாது. எனக்காக எண்டு இல்லாமல் வகுப்பு முழுக்க அப்பிடித்தான் வாசிச்சது, அதால ஒருத்தருக்கும் ஒண்டும் விளங்கேல்ல, எனக்கு மட்டும் விளங்கினது.

கண்ணை மூடுறது கால் தட்டுறது எல்லாம் அவன் வேணுமெண்டு செய்யிறேல்ல. முதல் நாள் அப்பிடிச் செய்ய ஒரு சொல்லு வெளியில வந்திருக்கும், பேந்து அதுவே பழகியிருக்கும். வெளியில தெரியாத வேலை வேற கிடக்கு. 750 பஸ்ஸில ஏறி கொண்டக்டர் எங்க எண்டு கேக்க எனக்கு "நெல்லியடி" வராது, ஊர்ப் பெயர் எண்டதால வேற சொல்லு மாத்திச் சொல்லவும் ஏலாது. பின்னுக்கு நிக்கிற சனம் தள்ளும். "பருத்துறை" எண்டு சொல்லிக் கூடக் காசு குடுத்து ரிக்கற் எடுத்து நெல்லியடியில இறங்குவன். வீட்டில காசு கணக்குப் பாக்கேக்க அம்மா ஏசுவா, அதுக்கும் வாய் திறக்கிறேல்ல. உங்கட பெடியனும் தெரிஞ்ச விடையைத் தெரியாது எண்டு சொல்லுவான் பாருங்கோ, அந்தச் சொல்லு வராதெண்டதால.

"ஆறுதலாச் சொல்லு", "மூச்சை இழுத்து விட்டிட்டுச் சொல்லு" எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. நல்லெண்ணத்திலதான் சொல்லுறவை, ஆனா நாங்கள் என்ன சொன்னம் எண்டதை ஒருத்தரும் கேக்கேல்ல, எப்பிடிச் சொன்னம் எண்டதைத்தான் கேட்டவை எண்டு உடன விளங்கிடும்.


பழைய வாத்தி:

உதுகளை இந்தளவுக்குப் பெரிசாக்கத் தேவையில்லைப் பிள்ளை. எங்கட காலத்திலயும் கொன்னையர் இருந்தவை, வசம்பு சுட்டு நாக்கில தேச்சவை, கூழாங்கல்லை வாயில வச்சுக் கதைக்கப் பழக்கினவை, வாத்திமார் குட்டிக் குட்டிச் சொல்ல வைப்பினம், கன பேருக்கு மாறியும் போனது. பழிக்கிற பெடியளுக்கு "பழிச்சா உனக்கும் ஒட்டும்" எண்டு ஒருக்கா வெருட்டி விடுங்கோ, அடங்கிடுவாங்கள். வகுப்பில பாடமா எடுக்கப் போனாத்தான் இன்னும் கூடும்.


ஸ்பீச் தெரபி அக்கா:

பழைய வாத்தி ஐயா குறை நினைக்காதேங்கோ, நான் இந்தத் துறையில வேலை செய்யிறனான், ஒவ்வொண்டாச் சொல்லுறன்.

கன பேருக்கு மாறினது உண்மை, ஆனா வசம்பாலயும் குட்டாலயும் இல்லை. கொன்னை அநேகமா 2 வயசுக்கும் 5 வயசுக்கும் இடையில தொடங்கும். 100 பிள்ளையளில கிட்டத்தட்ட 5 பேருக்கு ஏதோ ஒரு காலத்தில வரும், அதில முக்கால்வாசிப் பிள்ளையளுக்குப் போயிடும், பெரியாக்களில பாத்தா 100க்கு 1 ஆள் அளவிலதான் மிஞ்சும். மாறின பிள்ளைக்கு யார் கடைசியா வசம்பு தேச்சவையோ அவைக்குப் பெயர் போகும், அவ்வளவுதான். வளந்த பிறகும் இருக்கிற ஆக்களில ஆம்பிளையள்தான் கூட, ஒரு பொம்பிளைக்கு நாலு ஆம்பிளை அளவில. குடும்பத்தில ஓடுறதும் உண்டு, ரீச்சர் சொன்ன தகப்பன்ர கதை அதுதான். நாக்கிலயோ தொண்டையிலயோ பிழையில்லை, நாக்குக்குக் கீழ இருக்கிற நூலை வெட்டினாலும் மாறாது. கதைக்கிறதுக்கு மூளை குடுக்கிற நேரக்கணக்கு கொஞ்சம் வித்தியாசமா வேலை செய்யுது, அவ்வளவுதான். பயத்தால வாறதில்லை, ஆனா பயமும் அவசரமும் கூட்டிவிடும். கெட்டித்தனத்துக்கும் இதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. கூழாங்கல்லு பழைய கிரேக்க நாட்டுப் பேச்சாளர் டெமொஸ்தெனீஸின்ர கதை, ரெண்டாயிரத்துச் சொச்ச வருசம் பழசு, பிள்ளை விழுங்கிச்செண்டா மூச்சுக்குழாயில போய் நிக்கும் ஐயா, அதை மட்டும் ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ.

"ஒட்டும்" எண்டு வெருட்டுறதுதான் எனக்குச் சரியான கவலை. பழிக்கிறது நிக்கும், உண்மை. ஆனா அடுத்த நாள் அந்தப் பிள்ளையோட ஒருத்தரும் பக்கத்தில இருக்கமாட்டினம், சாப்பாடு பங்குபோடமாட்டினம். கொன்னை தடிமன் மாதிரி ஒட்டாது எண்டதுதான் வகுப்புக்கு முதல் சொல்ல வேண்டிய விசயமே.

குட்டி ஏசித் திருத்துறதுக்கு ஒரு பழைய சம்பவம் இருக்கு. 1939இல அமெரிக்காவில அயோவாவில ஒரு அநாதை இல்லத்துப் பிள்ளையள் 22 பேரை வச்சு ஒரு ஆராய்ச்சி செய்தவை. அதில ஒழுங்காக் கதைச்சுக்கொண்டிருந்த சில பிள்ளையளுக்கு "உனக்குக் கொன்னை வருது, பிழை விடாமல் கதை, ஏலாட்டிக் கதைக்காத" எண்டு சொல்லிச் சொல்லித் தடுத்தவை. பிள்ளையள் வாய் திறக்கப் பயந்து ஒதுங்கிப் போட்டுதுகள். 2001இல அந்தப் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. ஒரு தட்டலும் இல்லாத பிள்ளைக்கே அப்பிடியெண்டா தட்டுற பிள்ளைக்கு யோசியுங்கோ.

ரீச்சர், ஒம்பது வயசுக்கு மூளை நரம்பு எல்லாம் தேவையில்லை. நான் சொல்லுறது இதுதான்: மோட்டர் போட்டு ராங்க் நிரம்பியிருக்கும், ஆனா பைப்புக்க காத்துப் புகுந்தா தண்ணி விட்டு விட்டு "புஸ் புஸ்" எண்டு வரும், ராங்கில தண்ணி இல்லை எண்டு ஒருத்தரும் சொல்லமாட்டம், பைப்பை அடிச்சாலும் கெதியா வராது, பொறுத்தா வரும். சொல்லு முழுக்க அவரிட்டை இருக்கு, வாற வழியிலதான் தடக்கு. பிள்ளையளுக்கு இது டக்கெண்டு பிடிபடும்.

ஆக்களைச் சொல்லுறதெண்டா மிஸ்டர் பீனில இருந்து தொடங்குங்கோ, நடிச்ச ரோவன் அட்கின்சனுக்குக் கொன்னை, அவரே சொல்லியிருக்கிறார், வேற ஒரு ஆளா நடிக்கேக்க தட்டாதாம். அமெரிக்க ஜனாதிபதியா இருந்த ஜோ பைடனுக்கும் சின்னனில கடுமையா இருந்தது. இன்னொண்டு, ஆற்றையும் வீட்டில 1940களில வந்த சதுர அஞ்சு சதக் குத்தி கிடந்தாக் கொண்டுவரச் சொல்லுங்கோ, அதில தலை இருக்கிற ஆறாம் ஜோர்ஜ் ராசாவுக்குக் கொன்னை. 1939 செப்ரெம்பர் 3ஆம் திகதி பிரித்தானியா ரெண்டாம் உலக யுத்தத்தில இறங்கின அண்டு றேடியோவில முழு உலகத்துக்கும் கதைக்க வேண்டி வந்து, லயனல் லோக் எண்ட ஒஸ்ரேலியப் பேச்சுப் பயிற்சியாளரைப் பக்கத்தில வச்சுக்கொண்டு கதைச்சு முடிச்சவர். ராசாவுக்கும் மாறேல்ல எண்டதையும் சேர்த்துச் சொல்லுங்கோ. "முயற்சி செய்தா மாறும்" எண்டு முடிச்சா, மாறாத பிள்ளை முயற்சி செய்யேல்ல எண்டுதான் வகுப்பு எடுக்கும்.

ஒக்ரோபர் 22 கொன்னைக்கான உலக விழிப்புணர்வு நாள், 1998இல தொடங்கினது. அந்தக் கிழமையில கதைச்சா "ஏன் இப்ப இதைக் கதைக்கிறா" எண்டு ஒருத்தரும் யோசிக்கமாட்டினம்.


தென்மராட்சி மிஸ்:

நானும் ஆரம்பப் பிரிவுதான், என்ர வகுப்பிலயும் ஒரு பிள்ளை இருந்தவ. கொன்னையை மட்டும் தனியத் தூக்கிக் கதைக்கேல்ல. சுற்றாடல் பாடத்தில "நாங்கள் எல்லாரும் ஒரே மாதிரியோ" எண்டு தொடங்கி, கண்ணாடி போடுறவை, இடக்கையால எழுதுறவை, இழுப்பு இருக்கிறவை, அதுக்குள்ள ஒண்டா இதையும் சொன்னன். பிள்ளையள் தங்களுக்குத் தாங்களே "மிஸ் எனக்கு இது", "எனக்கு அது" எண்டு எழும்பிச் சொல்லத் தொடங்கிட்டுதுகள், கடைசியா அந்தப் பிள்ளையும் கை தூக்கினவ.

நாப்பிறழ் விளையாட்டு நல்லா எடுபடும், "யார் தைத்த சட்டை தாத்தா தைத்த சட்டை" எண்டு கெதியாச் சொல்லச் சொல்லுங்கோ, எல்லாருக்கும் நாக்குப் புரளும், அப்ப கதைக்க ஏலாமல் போறது என்னெண்டு தங்களுக்கே விளங்கும்.

பழிக்கிற கூட்டத்தை ஒட்டுமொத்தமா நிக்க வச்சு ஏசாதேங்கோ. அதில ஒருத்தன்தான் தலை, மற்றதுகள் சிரிப்புக்குப் பின்னால போற ஆக்கள். அந்த ஒருத்தனைத் தனியக் கூப்பிட்டு, நீ செய்யிறது எனக்குத் தெரியும், இனி நடக்கக்கூடாது எண்டு சுருக்கமாச் சொல்லிப்போட்டு விடுங்கோ. கெஞ்சவும் வேண்டாம், கதையும் வேண்டாம். திரும்பச் செய்தா தாய் தகப்பனைக் கூப்பிடுங்கோ.


நெல்லியடியான்:

மிஸ் கோவிக்காதேங்கோ, நாப்பிறழ் மட்டும் வேண்டாம். அதில நாக்குப் புரண்டா எல்லாருக்கும் பகிடி, எல்லாரும் சிரிப்பினம், சிரிக்கிறதுக்குத்தான் அந்த விளையாட்டே. அதோட கொன்னையைச் சேர்த்தீங்களெண்டா இதுவும் சிரிக்கிற விசயம் எண்டு நாங்களே காட்டிக் குடுத்த மாதிரிப் போடும். அவன்ர முறை வரேக்க அவன் என்ன செய்வான் எண்டும் யோசியுங்கோ.

அதுக்குப் பதிலா எழுத்தில செய்யலாம். எல்லாரையும் மற்றக் கையால, வலக்கைக்காரர் இடக்கையால, தங்கட முழுப்பெயரும் விலாசமும் எழுதச் சொல்லுங்கோ. எழுதேக்க நீங்கள் பக்கத்தில நிண்டு "கெதியா கெதியா, ஏன் உப்பிடிக் கோணலா எழுதுறாய், ஆறுதலா எழுது, மற்றவை முடிச்சிட்டினம்" எண்டு அலுப்புக் குடுங்கோ. ரெண்டாந்தரம் ஒண்டும் சொல்லாமல் விடுங்கோ. எது லேசா இருந்தது எண்டு கேளுங்கோ. இதில அவனுக்கும் எல்லாருக்கும் ஒரே கஸ்ரம்.


ஸ்பீச் தெரபி அக்கா:

நெல்லியடியான் அண்ணை சொல்லுறதுதான் சரி எண்டு நினைக்கிறன், நாங்களும் கைமாத்தி எழுதுறதைச் செய்விக்கிறனாங்கள். நாப்பிறழில நாக்குப் புரள்றதும் கொன்னையும் ஒண்டில்லை, கொன்னைக்காரருக்கு அந்தச் சொல்லு நல்லாத் தெரியும், சொல்லவும் தெரியும், அந்த நேரம் வெளியில விடாது.

மிஸ் சொன்ன மற்றது எல்லாம் நல்லது. ஒண்டு மட்டும் கூட்டிச் சொல்லுறன், வகுப்புக்குச் சட்டம் போட்டால் எல்லாருக்கும் பொதுவாப் போடுங்கோ: ஒரு ஆள் கதைச்சு முடியுமட்டும் மற்ற ஆள் வாய் வைக்கிறேல்ல, சொல்லு எடுத்துக் குடுக்கிறேல்ல, முகத்தைப் பாத்துக் கேக்கிறது. பாவம் பாக்கிற பெட்டையளின்ர பிரச்சினையும் அதோட தீரும். ரீச்சர் நீங்களும் கேள்வி கேட்டிட்டு ரெண்டு மூண்டு செக்கன் விட்டுத்தான் ஆளைக் கூப்பிடுங்கோ, நீங்கள் வேகத்தைக் குறைச்சா வகுப்பே குறையும்.


தரம்4 ரீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று நூலகத்தில புத்தகம் அடுக்கிற சாட்டில அவனைக் கூப்பிட்டுக் கதைச்சனான். வகுப்புக்குச் சொல்லட்டோ எண்டு கேட்டன். கன நேரம் ஒண்டும் சொல்லேல்ல, நானும் அடுக்கிக்கொண்டே இருந்தன். பேந்து சொன்னான், சொல்லுங்கோ ஆனா காலைப் பற்றி மட்டும் சொல்லாதேங்கோ எண்டு. அந்த நேரம் தான் அங்க இருக்க விருப்பமாம், என்ன சொல்லுறீங்கள் எண்டு தனக்கும் தெரிய வேணுமாம். வாசிப்புக்கு முதல் ஆளா வாசிக்கிறானாம். இடாப்புக்கு எல்லாரும் கை தூக்கினாப் போதும் எண்டு இண்டைக்கு மாத்திட்டன், அது லேசான வேலை.

தமிழ்த்தினப் போட்டிக்குப் பாவோதல் எண்டு அவனே கேட்டான். பேச்சு வேண்டாமாம். நடுவர்மாருக்கு முன்கூட்டிச் சொல்லி வைக்கட்டோ? தட்டினா புள்ளி வெட்டிப்போடுவினமோ எண்டு பயமாக் கிடக்கு.


ஸ்பீச் தெரபி அக்கா:

பாவோதல் நல்ல தெரிவு, ராகத்தோட இழுத்துச் சொல்லேக்க கன பேருக்குத் தட்டுறது குறையும். ஆனா மேடையில நிச்சயம் தட்டாது எண்டு அவனுக்கு வாக்குக் குடுத்திடாதேங்கோ. நடுவரிட்டைச் சொல்லலாம், அதுக்கும் முதல்ல அவனிட்டைக் கேளுங்கோ. தட்டினா நிறுத்தாமல் தொடரலாம் எண்டு ஒத்திகையில ஒருக்கா சொல்லி விடுங்கோ. வகுப்புப் பெடியளை முன்வரிசையில இருத்தி அவனை உற்றுப் பாக்க விடாதேங்கோ, அது காணும்.


ரெண்டு பிள்ளை அம்மா:

நடுவில கேக்கிறதுக்கு மன்னிக்கோணும் அக்கா. என்ர சின்னவனுக்கு மூண்டரை வயசு, கொஞ்சக் காலமா "நா நா நா நான்" எண்டு சொல்லுறான். மாமி சொல்லுறா வீட்டில தமிழும் நேசரியில இங்கிலிசும் எண்டு குழம்பிப் போனானாம், இங்கிலிசை நிப்பாட்டச் சொல்லி நிக்கிறா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகட்டோ, பொறுத்துப் பாக்கட்டோ?


ஸ்பீச் தெரபி அக்கா:

தங்கச்சி, ரெண்டு பாஷை கதைக்கிறதால கொன்னை வராது, நிப்பாட்டத் தேவையில்லை. அந்த வயசில கன பிள்ளையளுக்கு வந்து போகும். ஆனா ஆறு மாசத்துக்கு மேல நிண்டா, இல்லை குடும்பத்தில ஆருக்கும் இருந்தா, இல்லை சொல்லேக்க முகத்தை இறுக்கிக் கஸ்ரப்பட்டா, இல்லை "எனக்குச் சொல்ல வருதில்லை" எண்டு அவனே சொல்லத் தொடங்கினா, பொறுக்காமல் காட்டுங்கோ. பள்ளிக்கூடம் போக முதல் தொடங்கினா நல்லா எடுபடுற சிகிச்சை முறையள் இருக்கு, தாய் தகப்பனைப் பழக்கி வீட்டில செய்விக்கிறது. பெரியாஸ்பத்திரியில பேச்சுச் சிகிச்சைக் கிளினிக் எந்த நாள் எண்டு ஓபிடியில கேளுங்கோ. தமிழ் கதைக்கிற தெரபிஸ்ற்மார் கொஞ்சப் பேர்தான், அதால திகதி எடுக்க நாள் போகும், இப்பவே பதிஞ்சு வையுங்கோ, இடையில மாறினா வேண்டாம் எண்டு சொல்லலாம்.

போகேக்க அவன் வீட்டில கதைக்கிற வீடியோ ஒண்டு போனில எடுத்துக்கொண்டு போங்கோ, அவனுக்குத் தெரியாமல். டொக்டருக்கு முன்னால இருத்தினா அநேகம் பிள்ளையள் ஒரு தட்டும் இல்லாமல் மணி மணியாக் கதைக்கும், பேந்து தாய்தான் பொய் சொன்ன மாதிரி முழிக்க வேணும்.